தண்ணீரையும் கணக்கில் சேர்த்தால்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டரில் 10⁻⁸ மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கரைசலின் பிஎச் என்ன? அந்தக் கணக்கு வரும்வரை மாணவர் பழகிய வழி எளிது. வலிமை மிகு அமிலம் முழுவதும் அயனியாகிவிடும். ஆகவே அமிலத்தின் செறிவுதான் ஹைட்ரஜன் அயனியின் செறிவு. அதற்கு மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் பிஎச் வந்துவிடும். செறிவு 10⁻² என்றால் 2, 10⁻³ என்றால் 3. அதே தடத்தில் போனால் 10⁻⁸க்கு விடை 8. ஆனால் 8 காரத்துக்கு உரிய எண். தண்ணீரில் அமிலத்தைச் சொட்டிக் காரக் கரைசல் செய்ய முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடைத்தாளில் 8 என்று எழுதும் கைகள் குறையவில்லை.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை ஒரு கண்ணியாகப் பார்க்கிறார்கள். ‘இந்தக் கணக்கு வந்தால் 6.98’ என்று மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. பாடத்தின் ஓரத்தில் தள்ளப்பட்ட இந்தக் கணக்குத்தான் பாடத்தின் நடுவில் இருக்க வேண்டியது. பிஎச் கணக்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது மடக்கை. மடக்கையோ கடைசி வரி. அதற்கு முன்னால், கரைசலுக்குள் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறவர் யார், எடுத்துக்கொள்கிறவர் யார் என்று வரவுசெலவு எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஏட்டில் எப்போதும் ஒரு பெயர் இருக்கிறது. பெரும்பாலும் நாம் அதை எழுதாமல் விடுகிறோம். அது தண்ணீர்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 55.3 மோல் நீர் மூலக்கூறுகள் உள்ளன. 25 டிகிரி செல்சியசில் தூய நீரில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 10⁻⁷ மோல். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி. இப்போது அமிலத்துக்கு வருவோம். 10⁻⁸ மோலார் அமிலம் என்றால் 553 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒரு அமில மூலக்கூறு. அந்த 553 கோடியும் அமிலம் வருவதற்கு முன்பே தம் பங்காகப் பத்து ஹைட்ரஜன் அயனிகளை வைத்திருக்கின்றன. அமிலம் கொண்டுவருவது ஒன்று. பத்துப் பேர் உள்ள அறையில் பதினோராவது ஆளாக நுழைந்தவரை மட்டும் எண்ணிவிட்டு, அறையில் இருப்பது ஒருவர் என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் 8 என்ற விடையும்.

ஆனால் விடை பதினொன்றும் இல்லை. நீர் பிரிவதும் சேர்வதும் ஒரு சமநிலை. வெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனி வந்தால், அது ஹைட்ராக்சைடோடு சேர்ந்து மீண்டும் நீராகும். நீரின் சொந்தப் பங்கு சற்றே குறையும். எவ்வளவு குறையும் என்பதை இரண்டு வரிகள் சொல்லிவிடும். கரைசலுக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது. ஆகவே நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் அயனியின் செறிவை ஹை என்றும், ஹைட்ராக்சைடின் செறிவை ஓ என்றும், அமிலத்தின் செறிவைச் செ என்றும் வைத்தால்,

ஹை = செ + ஓ

குளோரைடு அயனியின் அளவும் அமிலத்தின் அளவும் ஒன்று என்பதால் செ அங்கே நிற்கிறது. இரண்டாவது வரி நீரின் அயனிப் பெருக்கம்:

ஹை × ஓ = 10⁻¹⁴

ஒன்றை மற்றொன்றில் பொருத்தினால் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. செ 10⁻⁸ ஆக இருக்கும்போது ஹை 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. நீரின் சொந்தப் பங்கு 1.00லிருந்து 0.95 ஆகக் குறைந்திருக்கிறது. செ 10⁻⁷ என்று வைத்துப் பார்த்தால் இன்னொரு அழகு. ஹை 1.618 × 10⁻⁷ என்று வருகிறது. சிற்பிகளும் கணித அறிஞர்களும் கொண்டாடும் பொன் விகிதம் அமிலக் கரைசலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. பிஎச் 6.79. செ 10⁻⁶க்கு உயர்ந்ததும் நீரின் பங்கு நூற்றில் ஒன்றாகச் சுருங்கி, பிஎச் 5.996 ஆகிறது. அங்கிருந்து மேலே நீரை விட்டுவிடலாம். பாடநூலின் எளிய விதி அங்கேதான் தொடங்குகிறது. அந்த விதி தவறானதன்று. அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகிறோம்.

நீரே அயனிகளைத் தருகிறது என்பது வெறும் ஊகமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதை அளந்து காட்டியவர்களில் ஜெர்மானிய இயற்பியலாளர் பிரீட்ரிஷ் கோல்ராஷ் முக்கியமானவர். அவரும் ஹைட்வைலரும் நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தி, அதன் மின்கடத்தலை அளந்து 1894இல் வெளியிட்டார்கள். எவ்வளவு தூய்மை செய்தும் ஒரு சிறு கடத்தல் போகாமல் நின்றது. அழுக்கு முழுவதும் போன பின்னும் மின்சாரத்தைச் சுமக்க ஏதோ மிஞ்சியிருந்தது. மிஞ்சியவை நீரின் சொந்த அயனிகள்.

அளக்கும் முறை இருந்தும், அந்த எண்களை எழுதிக் கையாள்வது வதையாக இருந்தது. 0.0000001 என்று எழுதும்போது ஒரு சுழியம் கூடினாலோ குறைந்தாலோ எல்லாம் போயிற்று. அந்த வதையைத் தீர்த்தவர் ஒரு மதுபான ஆலையின் ஆய்வகத்தில் இருந்தார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் உரிமையாளர் ஜே. சி. யாகப்சன் 1875இல் நிறுவிய ஆய்வகம் அது. அங்கே வேதியியல் துறையின் தலைவராக இருந்தவர் யோகான் ஷெல்டால். உணவில் உள்ள நைட்ரஜனை அளக்க இன்றும் பயன்படும் முறையைக் கண்டவர். அவர் மறைந்த பின் 1901இல் அந்த இடத்துக்கு வந்தவர் சோரன் சோரன்சன். நொதிகள் வேலை செய்யும் வேகம் கரைசலின் அமிலத் தன்மையைப் பொறுத்து மாறுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த அமிலத் தன்மை என்பதுதான் கேள்வி. அதுவரை பலர் செய்துவந்தது, காரத்தைச் சொட்டி நடுநிலையாக்கி மொத்த அமிலத்தை அளப்பது. நொதிக்கு வேண்டியது மொத்தக் கையிருப்பு அன்று, அந்த நேரத்தில் கரைசலில் தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு என்று 1909இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் சோரன்சன் வாதிட்டார். அந்த அளவு பத்தின் பல அடுக்குகளில் ஏறி இறங்கியதால், அடுக்கை மட்டும் எடுத்து, அதன் எதிர்க்குறியை நீக்கி, ஹைட்ரஜன் அயனி அடுக்கு என்று பெயர் வைத்தார். பிஎச் அங்கே பிறந்தது. அந்தப் ‘பி’ எதைக் குறிக்கிறது என்று அவர் எங்கும் விளக்கவில்லை. ஆற்றல் என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து என்பது பாடநூல் மரபு. இரண்டு கரைசல்களுக்கு வழக்கமாக வைக்கும் இரண்டு குறியெழுத்துகளில் ஒன்றுதான் அது என்று, மூலக் கட்டுரையை ஊன்றிப் படித்து, 2000இல் யென்ஸ் நோர்பி எழுதினார். அவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வலிமை மிகு அமிலம் என்ற சொல்லின் பொருளும் சோரன்சன் பிரித்த அந்தப் பிரிவில்தான் தெளிகிறது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தையும் சம அளவு எடுத்தால், இரண்டையும் நடுநிலையாக்க ஒரே அளவு காரம் செலவாகும். கையிருப்பு ஒன்றுதான். பிஎச் மட்டும் முதலாவதில் 1, இரண்டாவதில் 2.88. வலிமை மிகு அமிலத்தில் கையிருப்பும் புழக்கமும் ஒன்று. வலிமை குறைந்த அமிலத்தில் புழக்கம் சிறு பகுதி. நம் பேச்சில் ‘ஸ்ட்ராங் ஆசிட்’ என்பதற்கு அடர்த்தியானது, கையைப் பொசுக்குவது என்றெல்லாம் பொருள் ஏறிக்கிடக்கிறது. கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இந்தக் கணக்கில் வலிமை குறைந்தது. ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு குடம் நீரில் விட்டாலும் அது வலிமை மிகு அமிலம்தான், அடர்த்திதான் போய்விட்டது. வலிமையைத் தீர்மானிப்பதிலும் தண்ணீருக்குப் பங்குண்டு. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் ஆகிய மூன்றுக்கும் இடையே உண்மையில் வேறுபாடு உண்டு. தண்ணீரில் விட்டதும் மூன்றும் தம் புரோட்டானை முழுவதும் நீரிடம் ஒப்படைத்துவிடுவதால் வேறுபாடு மறைகிறது. நீருக்குப் பதில் தூய அசிட்டிக் அமிலத்தில் கரைத்தால் மீண்டும் தெரிகிறது, பெர்குளோரிக் முந்துகிறது.

காரத்துக்கு வருவோம். சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இரண்டிலும் ஏடு கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்புகிறது: ஓ = செ + ஹை. 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஓ 10⁻². ஹை வேண்டுமானால் 10⁻¹⁴ஐ அதனால் வகுக்க வேண்டும். பிஎச் 12. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அமிலத்தின் பிஎச்சை நாம் நேராகப் பெற்றோம். காரத்தின் பிஎச்சை நீரின் வழியாகச் சுற்றிப் போய்ப் பெறுகிறோம். 14 என்ற அந்த எண் நீருக்குச் சொந்தம். அது வெப்பத்தோடு மாறும்.

நீர் பிரிவதற்கு வெப்பம் தேவை. ஆகவே சூடேறும்போது கூடுதலாகப் பிரிகிறது. அயனிப் பெருக்கத்தின் அடுக்கு 0 டிகிரியில் 14.94, 25 டிகிரியில் 14.00, 60 டிகிரியில் 13.02. இப்போது 0.01 மோலார் அமிலத்தையும் 0.01 மோலார் காரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூடாக்குவதாக எண்ணிப் பார்ப்போம். அமிலத்தின் பிஎச் மூன்று வெப்பநிலையிலும் 2. காரத்தின் பிஎச் 0 டிகிரியில் 12.94, 25இல் 12.00, 60இல் 11.02. காரம் ஒரு துளியும் குறையவில்லை. ஹைட்ராக்சைடு அயனிகள் போட்டது போட்டபடி இருக்கின்றன. பிஎச் மட்டும் ஏறத்தாழ இரண்டு படி இறங்கிவிட்டது. நடுநிலை என்ற எண்ணும் இடம் மாறுகிறது: 0 டிகிரியில் 7.47, 60இல் 6.51. நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் 6.8. இரத்தத்தின் பிஎச் 7.4 என்று படிக்கும்போது அது 7க்கு 0.4 மேலே என்று நினைத்துக்கொள்கிறோம். உடலுக்குள் அது நடுநிலைக்கு 0.6 மேலே இருக்கிறது.

அனல்மின் நிலையக் கொதிகலன் நீரைக் கவனிப்பவர்களுக்கு இது அன்றாட விஷயம். கொதிகலன் எஃகு அரிக்காமல் இருக்க நீரைக் காரத்தன்மையோடு வைத்திருக்கிறார்கள். பிஎச் மானியில் உள்ள தானியங்கி வெப்பச் சீரமைப்பு இந்த இறக்கத்தை ஈடுகட்டும் என்று புதிதாக வருபவர்கள் நம்பிவிடுவதுண்டு. அந்தச் சீரமைப்பு மின்முனையின் சரிவை மட்டும் சரிசெய்கிறது. 25 டிகிரியில் ஒரு பிஎச் படிக்கு 59.16 மில்லிவோல்ட் என்ற எண் வெப்பத்தோடு மாறுவதை அது கவனித்துக்கொள்ளும். கரைசலுக்குள்ளேயே நடக்கும் மாற்றம் அதன் பொறுப்பில் இல்லை. அதற்கு நீரைக் குளிர்வித்து அளக்க வேண்டும், அல்லது 25 டிகிரிக்கு மாற்றும் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

பள்ளி ஆய்வகத்துக்குள் போனால் இதே வரவுசெலவு கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. பிப்பெட்டில் 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடை உறிஞ்சிக் கூம்புக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து அமிலத்தை இறக்குவோம். இரண்டும் 0.1 மோலார் என்று கொள்வோம். கணக்கு எளிது: எவ்வளவு காரம் இருந்தது, எவ்வளவு அமிலம் விழுந்தது, மிச்சம் எவ்வளவு, இப்போதைய மொத்தக் கனஅளவு என்ன. மிச்சத்தைக் கனஅளவால் வகுத்தபின் மடக்கை. தொடக்கத்தில் பிஎச் 13. அமிலம் 10 மி.லி. இறங்கியதும், காரத்தில் பாதி தீர்ந்திருக்கிறது, பிஎச் 12.52. அமிலம் 18 மி.லி. ஆனதும் பத்தில் ஒன்பது பங்கு காரம் போய்விட்டது, பிஎச் 11.72. குடுவை அப்போதும் அடர்த்தியான இளஞ்சிவப்பில்தான் இருக்கும். மாணவர் பொறுமையிழந்து குழாயைச் சற்றுத் தாராளமாகத் திறப்பது இந்தக் கட்டத்தில்தான்.

அமிலம் 19.95 மி.லி.யைத் தொடும்போது பிஎச் 10.10. அடுத்த ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி.; பிஎச் 7. அதற்கடுத்த சொட்டு, 3.90. முதல் 18 மி.லி. அமிலத்தால் ஒன்றரைப் படிகூட நகராத எண், இரண்டு சொட்டில் ஆறு படிக்கு மேல் சரிகிறது. இதில் மந்திரம் ஏதும் இல்லை. மடக்கை, எண்களின் விகிதத்தைத்தான் பார்க்கும். நூறு தொண்ணூறானால் அதற்கு ஒன்றும் பெரிதில்லை. கடைசி ஒன்று, ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்காகும்போது மூன்று படி நகர்கிறது. பினாப்தலீன் பிஎச் 8.2 அருகில் நிறமிழக்கிறது. மெத்தில் ஆரஞ்சு 4.4க்கும் 3.1க்கும் இடையில் நிறம் மாறுகிறது. இரண்டு நிறங்காட்டிகளும் வெவ்வேறு இடத்தில் மாறினாலும் வலிமை மிகு அமிலத்தையும் காரத்தையும் தரம்பார்க்க இரண்டில் எதை வைத்தாலும் ஒரே அளவீடு கிடைப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு மாறும் இடங்களும் அந்த ஓரிரு சொட்டுச் சரிவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆய்வகத்தில் இதைக் கையால் செய்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த நிறம் மறைந்த கணத்தில் தாங்கள் கடந்த தூரம் தெரிந்திருக்கும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். கணக்கையும் பியூரெட்டையும் ஒரே நாளில் சேர்த்துக் கற்பித்தால் தெரியும்.

இந்த மடக்கை அளவுகோலை நேர்கோட்டு அளவுகோல்போல் கையாண்டால் வரும் பிழைகள் சிறியவை அல்ல. பிஎச் 2 உள்ள அமிலத்தையும் 4 உள்ள அமிலத்தையும் ஒரு லிட்டர், ஒரு லிட்டர் கலந்தால் 3 வரும் என்று தோன்றும். வருவது 2.30. முதலாவதில் இரண்டாவதைவிட நூறு மடங்கு அமிலம் இருப்பதால், இரண்டாவது ஏறக்குறைய வெறும் தண்ணீர்போல் நடந்துகொள்கிறது. பிஎச் 2 உள்ள அமிலத்தோடு பிஎச் 11 உள்ள காரத்தைச் சம அளவு கலந்தாலும் விடை 2.35தான். காரம் அமிலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தீர்த்தது.

பட்டறைக் கழிவு நீரை நீரூற்றி நீர்க்கச் செய்தால் போதும் என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதையும் இதே கணக்கு காட்டும். உலோகத் தகடுகளை அமிலத்தில் கழுவும் ஒரு பட்டறையிலிருந்து, பிஎச் 2 உள்ள கழிவு ஒரு லாரி டாங்கர் நிறைய, 12,000 லிட்டர் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். வேறு எதுவும் கரையாத தூய நீரால் இதை 6க்கு உயர்த்த வேண்டுமானால் பத்தாயிரம் மடங்கு நீர்க்க வேண்டும். அதாவது 12 கோடி லிட்டர். பத்தாயிரம் டாங்கர். இதே கழிவில் உள்ள ஹைட்ரஜன் அயனி மொத்தம் 120 மோல். ஒரு மோல் நீற்றிய சுண்ணாம்பு இரண்டு மோல் அமிலத்தைத் தீர்க்கும். அதன் மோல் நிறை 74 கிராம். ஆகவே தேவை 60 மோல், நாலரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான சுண்ணாம்பு. நாலரைக் கிலோ மூட்டை செய்யும் வேலையைப் பத்தாயிரம் லாரித் தண்ணீரிடம் கேட்கக் கூடாது. உண்மையான ஆற்று நீரிலும் கிணற்று நீரிலும் பைகார்பனேட் கரைந்திருப்பதால் அவை அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பது சரி. அப்படித் தின்னும்போது தீர்வது அந்த நீர்நிலையின் கையிருப்பு.

எல்லா அமிலமும் இவ்வளவு நேராக நடந்துகொள்வதில்லை. கந்தக அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன்கள். முதலாவது முழுவதும் பிரியும், இரண்டாவது தயங்கும். அதன் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.012. 0.1 மோலார் கந்தக அமிலத்துக்கு 0.2 என்று இரட்டித்து, பிஎச் 0.70 என்று எழுதுவது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் ஹைட்ரஜன் அயனி 0.11 மோல்தான், பிஎச் 0.96. முதல் ஹைட்ரஜன் உருவாக்கிய கூட்டமே இரண்டாவதைத் தடுக்கிறது. 0.005 மோலாருக்கு நீர்க்கச் செய்தால் தடை தளர்கிறது: எளிய விதி 2.00 என்கிறது, சரியான விடை 2.10.

சுண்ணாம்புத் தெளிநீர் எனக்கு இன்னும் பிடித்த எடுத்துக்காட்டு. நீற்றிய சுண்ணாம்பை நீரில் கலக்கி, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை எடுத்தால் கிடைப்பது தெவிட்டிய கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் வீடுகளிலும் சுவருக்கு வெள்ளையடிக்கும் வீடுகளிலும் இதைப் பார்க்காதவர் இல்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1.5 கிராம், 0.0203 மோல் கரையும். ஒரு மோலுக்கு இரண்டு ஹைட்ராக்சைடு என்று இரட்டித்தால் 0.0406. அதன்படி பிஎச் 12.61 வர வேண்டும். கவனமாக அளந்தால் கிடைப்பது 12.45. இந்த 12.45 அவ்வளவு நம்பகமானது என்பதால், பிஎச் மானிகளைச் சரிபார்க்கும் திட்டக் கரைசல்களில் ஒன்றாகச் சுண்ணாம்புத் தெளிநீரை அமெரிக்கத் தர அளவை நிறுவனம் ஏற்றிருக்கிறது. பிழை எங்கே? அளவீட்டில் இல்லை. எடையிலும் இல்லை. கணக்கில் நாம் எழுதாமல் விட்ட இரண்டு செய்திகள் இருக்கின்றன. கால்சியம் அயனிகளில் சில ஒரு ஹைட்ராக்சைடைத் தம்மோடு பிணைத்து வைத்துக்கொள்கின்றன; அது புழக்கத்தில் இல்லை. எஞ்சிய அயனிகளும் ஒன்றையொன்று உணராமல் இருக்க முடியாது. ஒவ்வொரு எதிர்மின் அயனியைச் சுற்றியும் நேர்மின் அயனிகள் சற்றே கூடி நிற்கின்றன. அதனால் ஒவ்வொன்றின் செயலும் மட்டுப்படுகிறது.

அயனியின் எண்ணிக்கை வேறு, அது செயல்படும் அளவு வேறு என்பதை அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1907இல் முறைப்படுத்தினார். நீர்த்த கரைசலில் அந்த வேறுபாட்டைக் கணக்கிடும் சமன்பாட்டைப் பீட்டர் டெபையும் எரிக் ஹூக்கலும் 1923இல் தந்தார்கள். அடுத்த ஆண்டே சோரன்சன், லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து, தம் சொந்த வரையறையைத் திருத்தினார்: பிஎச் என்பது செறிவின் மடக்கையாக அல்லாமல் செயல்படு செறிவின் மடக்கையாக ஆனது. தாம் உருவாக்கி உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளில் தாமே மாற்றி எழுத அவர் தயங்கவில்லை. அந்த நேர்மை என்னை மிகவும் கவர்கிறது. இதன் விளைவு மிக எளிய கணக்கையும் தொடுகிறது. 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பள்ளி விடை 1.00. செயல்படு செறிவுக்கும் செறிவுக்கும் உள்ள விகிதமான செயல் குணகம் அதில் 0.796 என்பதால் சரியான பிஎச் 1.10. 0.01 மோலுக்கு 2.04.

இன்னொரு திருப்பமும் உண்டு. அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் குணகம் குறைந்துகொண்டே போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு கிலோ நீருக்கு அரை மோல் அளவில் அது 0.76 வரை இறங்குகிறது, பிறகு ஏறத் தொடங்குகிறது. 2 மோலில் 1ஐத் தாண்டுகிறது. 10 மோலில் 10ஐத் தாண்டிவிடுகிறது. பத்து மோல் அமிலம் நூறு மோல்போல் செயல்படுகிறது. காரணத்தைத் தேடினால் மீண்டும் தண்ணீரிடமே வந்து சேர்கிறோம். 0.1 மோலார் கரைசலில் ஒரு அமில மூலக்கூறுக்கு ஏறத்தாழ 550 நீர் மூலக்கூறுகள். கடையில் விற்கும் 37 சதவீத அடர் அமிலத்தில், ஒன்றுக்கு மூன்றரை. ஹைட்ரஜன் அயனி தன்னைச் சுற்றிக் குறைந்தது நாலைந்து நீர் மூலக்கூறுகளையாவது வைத்துக்கொள்ள விரும்புவது; குளோரைடுக்கும் நீர் வேண்டும். எல்லோருக்கும் போதுமான நீர் இல்லை. கட்டி வைக்க நீரில்லாத புரோட்டான், கிடைக்கும் எதன்மீதும் பாய ஆயத்தமாக நிற்கிறது. அளவுகோலின் ஒரு முனையில் நீர் மிகுதியாக இருந்து எளிய விதியை உடைத்தது. மறுமுனையில் நீர் பற்றாமல் போய் அதே விதியை உடைக்கிறது.

பிஎச் 0இல் தொடங்கி 14இல் முடியும் என்று சுவர்ப் படங்களில் அச்சிட்டிருப்பதும் இங்கே நிற்பதில்லை. ஒரு மோலுக்கு மேற்பட்ட வலிமை மிகு அமிலத்துக்கு எதிர்க்குறி பிஎச் வருவது இயல்பு. இயற்கையில் அதன் மிகக் கடுமையான பதிவு கலிபோர்னியாவின் ரெடிங் நகருக்கு அருகே உள்ள அயர்ன் மவுண்டன் சுரங்கத்திலிருந்து கிடைத்தது. பைரைட் என்னும் இரும்புச் சல்பைடுக் கனிமம் காற்றும் நீரும் பட்டு ஆக்சிகரணமாகும்போது கந்தக அமிலம் உருவாகிறது. கைவிடப்பட்ட சுரங்கத்தின் சூடான அறைகளில் நீர் ஆவியாகப் போகப் போக அந்த அமிலம் அடர்ந்தது. அதை ஆராய்ந்த நார்ட்ஸ்ட்ரோமும் ஆல்பர்சும் மற்றவர்களும் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் −3.6 என்ற பிஎச்சைப் பதிவு செய்தார்கள். எளிய விதியைத் திருப்பிப் போட்டால் −3.6 என்பது ஒரு லிட்டரில் 4,000 மோல் ஹைட்ரஜன் அயனி. அப்படி ஒன்று இருக்கவே முடியாது. ஒரு லிட்டர் தூய நீரில் நீர் மூலக்கூறுகளே 55 மோல்தான். அந்தச் சுரங்க நீரில் அளந்த சல்பேட் லிட்டருக்கு 760 கிராம் வரை, ஏறத்தாழ எட்டு மோல். எட்டு மோல் சல்பேட்டோடு வந்த அமிலம், நீர் வற்றிய நெருக்கடியில், 4,000 மோலின் எண்ணைக் காட்டியது.

இவ்வளவு தொலைவில் பிஎச் மானியைச் சரிபார்க்கத் திட்டக் கரைசல் எதுவும் கடையில் கிடையாது. அவர்கள் செய்த வழி இது: அளவறிந்த கந்தக அமிலக் கரைசல்களை வரிசையாகத் தயாரித்தார்கள். அடர்ந்த கரைசல்களில் அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதைக் கணக்கிடக் கென்னத் பிட்சர் 1970களில் உருவாக்கிய சமன்பாடுகளைக் கொண்டு ஒவ்வொன்றின் பிஎச்சையும் தாளில் கண்டார்கள். கண்ணாடி மின்முனையை அந்தக் கரைசல்களில் ஒவ்வொன்றாக முக்கி, அது காட்டிய மில்லிவோல்ட்டுக்கு நேரே தாளில் கண்ட எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். பிறகுதான் அந்த மின்முனை சுரங்கத்தின் கூரையிலிருந்து சொட்டிய நீருக்குள் போனது.